கூரையிலிருந்து கரண்ட்: சிறு முதலீட்டில் சூரிய மின்சாரம்



கரண்ட் பில் பற்றிப் பேசாத வீடு இப்போது நம் பகுதியில் இல்லை. சோலார் போட்டால் கட்டுப்படியாகுமா என்று வில்லியனூர், சுல்தான்பேட்டை, பாகூர் பக்கமிருந்து பலரும் கேட்கிறார்கள். நாங்கள் அறிந்ததை இங்கே தருகிறோம்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு 'பிரதம மந்திரி சூரிய வீடு' திட்டத்தைத் தொடங்கியது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். 1 கிலோவாட்டுக்கு அரசு வைத்துள்ள அடிப்படை விலை 50,000. சந்தையில் கூடுதலாகவே கேட்பார்கள். பதிவு பெற்ற மூன்று நிறுவனங்களிடமாவது விலை கேளுங்கள்.

1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத மொட்டை மாடியில் சுமார் 100 சதுர அடி வேண்டும். தகடுகள் தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட், மாதம் சுமார் 120 யூனிட் கிடைக்கும். பகலில் மிஞ்சுவது மின்துறையின் லைனுக்குப் போய், பில்லில் கழியும்.

யாருக்கு லாபம்? யூனிட் கூடக் கூட நம் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. மாதம் 350 யூனிட் ஓடும் வீட்டில் 120 குறைந்தால், விலை அதிகமான மேல்படி யூனிட்டுகள்தான் கழியும். 100 யூனிட்டுக்குள் ஓட்டும் வீட்டுக்கு அவசரமில்லை. அவர்கள் முதலில் 75 வாட் மின்விசிறியை மாற்றி 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி போடட்டும். வீண்விரயம் தவிர்ப்பதும் சம்பாத்தியமே.

விண்ணப்பம் இணையத்தில்தான். மின் ரசீதிலுள்ள நுகர்வோர் எண் தேவை. நம்மில் பல வீடுகளில் இணைப்பு இன்னும் மறைந்த அத்தாவின் பெயரிலேயே இருக்கிறது. பாகம் பிரிக்காமல் விட்டதும் ஒரு காரணம். வாரிசுகள் கூடிப் பேசி, முதலில் மின்துறையில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். இந்தியாவில் தயாரான செல்கள் கொண்ட தகடுகளுக்கே மானியம் உண்டு. அதை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஐந்தாண்டுப் பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு.

இரண்டு எச்சரிக்கைகள். பேட்டரி இல்லாத அமைப்பு, லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் உயிருக்கு ஆபத்து வராமலிருக்கவே இந்த ஏற்பாடு. ஆகவே புயல் நாளில் விளக்கு எரியும் என்று நம்பி வாங்காதீர்கள். 2011 தானே, 2024 ஃபெஞ்சல் இரண்டையும் கண்டவர்கள் நாம். தாங்கு கம்பிகளைத் தளத்தில் உறுதியாகப் பிணைக்கச் சொல்லுங்கள்.

ஓட்டு வீடு, வாடகை வீடுகளுக்கு வேறு வழி உண்டு: 100 வாட் தகடு, 12 வோல்ட் பேட்டரி, சார்ஜ் கன்ட்ரோலர். மூன்று எல்.இ.டி. விளக்கு, ஒரு சிறிய டி.சி. விசிறி, போன் சார்ஜ் இவற்றுக்குப் போதும். வீடு மாறினால் கழற்றி எடுத்துப் போகலாம். இதற்கு இத்திட்டத்தில் மானியம் கிடையாது.

கடைசியாகப் பணம். மானியம் முன்கூட்டி வராது. வேலை முடிந்து, மீட்டர் மாட்டி, பரிசோதித்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகையும் நாம்தான் போட வேண்டும். வங்கிகள் கடன் தருகின்றன, ஆனால் வட்டியோடு. வெளிச்சம் வேண்டி வட்டியில் விழ வேண்டாம் என்பதால், நம் அறக்கட்டளையின் கர்ழே ஹஸனா நிதியிலிருந்து மானியத்தின் அளவுக்கு மட்டும் வட்டியில்லாமல் கொடுக்க முடிவு செய்துள்ளோம். மானியம் வந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும். இதில் ஜகாத் பணம் ஒரு ரூபாயும் சேராது, அது அதற்குரியவர்களுக்கே. நிதி சிறியது. நீங்கள் திருப்பித் தரும் நாளில்தான் அடுத்த வீட்டுக்கு வழி பிறக்கும்.

விருப்பமுள்ளோர் கடைசி மூன்று மாத மின் ரசீதுகளுடன் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகம் வாருங்கள். உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று சேர்ந்து கணக்குப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்