சேஸிஸ் எண் சொல்லாத உண்மை

பழங்கால ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று ஏலத்துக்கு வரும்போது விளம்பரத்தில் முன்னிறுத்தப்படுவது அதன் சேஸிஸ் எண்தான். எண் மெய்யென்று தெரிந்துவிட்டால் காரும் மெய்யானதே என்று வாங்குவோர் பலர் நம்பிவிடுகிறார்கள். ஆனால், அடிச்சட்டகத்தில் பொறிக்கப்பட்ட எண் அந்தச் சட்டகத்துக்கு மட்டுமே அடையாளம். அதன்மீது அமர்ந்திருக்கும் மேற்கூடு எப்போது, யாரால் கட்டப்பட்டது என்பது தனியாக நிறுவப்பட வேண்டிய செய்தி.

லாரியின் சேஸிஸை வாங்கி, நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ 'பாடி கட்ட' விடுவது நமக்குப் பழகிய வழக்கம். 1920-களில் இங்கிலாந்தின் பென்ட்லி நிறுவனம் தன் கார்களை ஏறத்தாழ இப்படித்தான் விற்றது. எஞ்சினும் சக்கரங்களும் கொண்ட அடிச்சட்டகம் பென்ட்லியின் தயாரிப்பு. மேற்கூட்டை வாடிக்கையாளர் விரும்பிய பட்டறை கட்டித் தந்தது. சட்டகத்துக்கு ஓர் எண்; பட்டறையின் கணக்கில் கூட்டுக்கு வேறோர் எண். கூடு பழையதானாலோ சலித்துப்போனாலோ அதைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவதும் அன்று சாதாரணம்.

இதனால் நேர்ந்த குழப்பத்துக்குப் புகழ்பெற்ற சான்று 'புளூ டிரெய்ன்' பென்ட்லி. லெ மான் பந்தயத்தில் 1928, 1929, 1930 ஆகிய மூன்று ஆண்டுகளும் வென்ற உல்ஃப் பர்னாட்டோ, அப்போது பென்ட்லியின் தலைவராகவும் இருந்தார். தெற்கு பிரான்ஸிலிருந்து புறப்படும் புளூ டிரெய்ன் ரயில் கலே துறைமுகத்தை அடைவதற்குள், தான் காரில் லண்டனில் உள்ள தன் மன்றத்தைச் சென்றடைவதாக 1930 மார்ச் மாதம் அவர் பந்தயம் கட்டினார். சில நிமிட வேறுபாட்டில் வென்றார். அவர் ஓட்டியது 'ஸ்பீட் சிக்ஸ்' வகைக் கார்.

அந்தப் பெருமை பல பத்தாண்டுகள் ஒரு கூபே காருக்கே போய்ச் சேர்ந்தது. கூரை தாழ்ந்து பின்புறம் சரியும் அழகிய கூடு அது. கட்டியது கர்னி நட்டிங் பட்டறை. டெரன்ஸ் குனியோ என்ற ஓவியர், அது ரயிலோடு போட்டியிட்டு விரைவதாக ஓவியமே தீட்டிவிட்டார். ஓவியத்தின் கவர்ச்சிக்கு முன் பதிவேடுகளைப் புரட்ட யாருக்கு மனம் வரும்? பிற்பாடு ஆய்வாளர்கள் புரட்டியபோது, அந்தக் கூபே கட்டி முடிக்கப்பட்டதே 1930 மே மாதத்தில்தான் என்று தெரியவந்தது. பந்தயத்தில் ஓடியது, எச்.ஜே. மல்லினர் பட்டறை கட்டிய, அவ்வளவாகக் கண்ணைக் கவராத சலூன் கார்.

இதில் யாரும் எண்ணை அழித்துப் பொறிக்கவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. கூபேயின் சேஸிஸ் எண் மெய். அது பர்னாட்டோவின் கார் என்பதும் மெய். ஸ்பீட் சிக்ஸ் என்பதும் மெய். கூடு முடிந்த தேதியை யாரும் கேட்காததால், மூன்று மெய்கள் சேர்ந்து ஒரு பொய்யைத் தாங்கி நின்றன.

எனவே, எண்ணைக் கொண்டு கூட்டை அடையாளம் காண்பவர் முதலில் தேட வேண்டியது தொழிற்சாலைப் பதிவேடு. அந்தச் சட்டகம் எந்தப் பட்டறைக்கு, எந்த நாளில் சென்றது என்பதை அது சொல்லும். அடுத்து, பட்டறையின் கணக்கில் உள்ள எண், கூட்டின் மரச்சட்டங்களிலோ உள்பலகைகளின் பின்புறத்திலோ காணப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய புகைப்படங்களும் பதிவு எண்ணும் பிறகு துணை நிற்கும்.

பாகங்கள் மாறிய கார் தன் பெயரையே இழந்துவிடுமா? 1929, 1930 லெ மான் பந்தயங்களில் வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' பென்ட்லியை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம் பின்வாங்கியதால், 1990-இல் இக்கேள்வி லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. வெற்றி பெற்ற நாளில் இருந்த பாகங்களில் மிகச் சிலவே எஞ்சியிருப்பதை நீதிபதி ஏற்றார். ஆனாலும், மாற்றங்கள் படிப்படியாக நிகழ்ந்தவை, வரலாற்றுத் தொடர்ச்சி அறுபடவில்லை என்பதால், அந்தப் பெயர் அந்தக் காருக்கே உரியது என்று தீர்ப்பளித்தார். என் பார்வையில் இது நியாயமான தீர்ப்பு, மாற்றங்களை மறைக்காதவரை.

இந்தியாவில் 2021-இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவு பெறலாம். சேஸிஸ், மேற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. சேஸிஸ் எண்ணை மட்டும் சரிபார்த்துவிட்டு ஒப்பமிட்டால் அந்த நிபந்தனையில் மூன்றில் ஒரு பங்குகூட நிறைவேறாது. கூடு கட்டிய பட்டறையின் பெயர், எண், தேதி ஆகியவற்றுக்கான ஆவணத்தையும் உரிமையாளரிடம் கேட்டுப் பெற வேண்டும்.