தறிக்கும் வயலுக்கும் செல்லும் தாய்மார்கள் தாய்ப்பாலைச் சேமிக்கும் முறை

பேறுகாலம் கழிந்து மூன்று மாதம் நிறையுமுன்னரே தறியில் அமரவோ, நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லவோ வேண்டிய நிலை நம் அங்கத்தினர் குடும்பங்களில் பல தாய்மார்களுக்கு உண்டு. 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தொழில் நிலையங்களில் பணியாற்றும் பெண்களுக்கு முதல் இரு பேறுகளுக்கும் 26 வார விடுப்பை வகுத்தது. ஆனால் வீட்டுத் தறியில் நெய்பவருக்கும் சொந்த நிலத்தில் உழைப்பவருக்கும் விடுப்பு அளிப்பார் யார்? அவர் வேலைக்குச் சென்றதும் சிசுவுக்கு நீர் கலந்த பசும்பாலும் மாவுப்பாலும் புகட்டப்படுகின்றன. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டியதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையாகும்.

தாய் அருகில் இல்லாத வேளையிலும் தாய்ப்பாலையே புகட்ட வழி உண்டு. குளிர்சாதனப் பெட்டி இன்று நம் வீடுகள் பலவற்றில் இருக்கின்றது. அதனைச் சரிவரப் பயன்படுத்தும் முறையை இங்கே கூற விரும்புகிறோம்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். குளிர்ச்சி கிருமிகளின் பெருக்கத்தைத் தடுக்குமேயன்றி, அவற்றை அழிக்காது. உறைந்த பால் உருகியதும் கிருமிகள் மீண்டும் பெருகத் தொடங்கும். பின்வரும் விதிகளுக்கெல்லாம் இதுவே காரணம்.

பாலைப் பீய்ச்சுமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் அவசியம். சாயமும் கஞ்சியும் பட்ட கை, பூச்சிமருந்து தொட்ட கை எனில் இருமுறை கழுவுக. பாத்திரம் இறுக மூடக்கூடிய கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரமாகவோ, பால் சேமிப்பதற்கென்றே செய்யப்பட்ட பையாகவோ இருத்தல் வேண்டும். கடையில் சாமான் கட்டித் தரும் பை உதவாது. ஒரு வேளைக்குத் தேவையான 60 முதல் 120 மில்லி வரை மட்டுமே ஒன்றில் ஊற்றுக. பால் உறையும்போது விரியுமாதலால் மேலே விரற்கிடை இடம் விடுக. தேதியை எழுதி ஒட்டுக. நெல்லுக்கு நாம் கையாளும் முறையே இதற்கும்: முந்தி வைத்ததை முந்தி எடுக்க வேண்டும்.

பீய்ச்சிய பால் 25 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம் இருக்கலாம். நம் கோடையின் உஷ்ணம் அதனினும் மிகுதி. ஆகவே உடனே குளிரில் வைப்பதே நலம். பெட்டி இல்லாத வீட்டில், புறப்படும் தருணத்தில் பீய்ச்சி, நிழலில் மூடி வைத்து, அடுத்த வேளைக்கே புகட்டிவிட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 4 நாள் வைக்கலாம். கதவில் வைத்தல் கூடாது. திறக்குந்தோறும் வெப்பம் படும். தனிக் கதவுள்ள உறையறையில், மைனஸ் 18 டிகிரியில், 6 மாதம் நன்றாயிருக்கும். ஒற்றைக் கதவுப் பெட்டியினுள் இருக்கும் சிறு பனிக்கட்டி அறைக்கு அத்தகைய குளிர்ச்சி இல்லை. அதில் வைத்ததை 2 வாரத்துக்குள் செலவிடுக. உறைந்த பாலின் மேல் வெதுவெதுப்பான புதுப்பாலை ஊற்றலாகாது.

உருக்குவதிலேதான் பலர் தவறுகின்றனர். முதல்நாள் இரவே உறையறையிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தால் காலையில் உருகியிருக்கும். முற்றும் உருகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் அதனைப் புகட்டிவிட வேண்டும். அவசரமாயின் மூடிய பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் நிறுத்துக. வெளியில் வைத்து உருக்கிய பால் 2 மணி நேரத்துக்கு மேல் தங்கலாகாது. முற்றும் உருகியதை மீண்டும் உறைய வைத்தல் கூடவே கூடாது.

எந்தப் பாலையும் காய்ச்சியே பருகுவது நம் வீட்டுப் பெரியவர்களின் நல்வழக்கம். ஆயினும் தாய்ப்பாலைக் காய்ச்சலாகாது. நோயைத் தடுக்கும் அதன் சக்தி கொதிப்பில் அழிந்துபோகும். மைக்ரோவேவ் அடுப்பும் ஆகாது. சில இடம் மட்டும் கொதித்துக் குழந்தையின் வாயைச் சுட்டுவிடும். மேலே ஆடைபோல் கொழுப்பு நின்றால் பால் கெட்டதென்று கொட்டிவிட வேண்டாம். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். சிறிது சோப்பு வாடை வருவதும் உண்டு. அது பாலிலுள்ள ஒரு நொதியின் செயல். புளித்த நாற்றம் வீசினால் மட்டும் விலக்குக. நன்கு கழுவிக் கொதிநீரில் இட்ட சங்கினால் புகட்டுதல் சிறந்தது. குழந்தை வாய் வைத்து எஞ்சியதை 2 மணி நேரத்துக்குப்பின் கொட்டிவிட வேண்டும். தாயின் உழைப்பாயிற்றே என்று பாட்டிமார்கள் மனம் வருந்துவர். எனினும் அந்த ஒரு வாய்ப் பாலுக்காகச் சிசுவை வயிற்றுப்போக்குக்கு ஆளாக்கலாமா?

மின்சாரம் நின்றால் பெட்டியைத் திறவாதிருக்க வேண்டும். மீண்டும் மின்சாரம் வந்தபின் பாலில் பனித்துகள் எஞ்சியிருந்தால் மறுபடி உறைய விடலாம். முற்றும் உருகியும் குளிர்ச்சி மாறாதிருந்தால் கீழ்த்தட்டில் வைத்து மறுநாளுக்குள் புகட்டுக. குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த குழந்தைகளுக்கு மருத்துவரின் யோசனைப்படியே நடத்தல் வேண்டும்.

இறுதியாக, சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். தனித்தனியே வாங்க இயலாததைக் கூடி வாங்குவதற்கென்றே கூட்டுறவு பிறந்தது. சங்கத்தின் பொது நெசவுக் கூடத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டியும், திரையிட்ட ஒரு மூலையும், கை கழுவ நீரும் சோப்பும் அமைத்தால் போதும். பாத்திரந்தோறும் தாயின் பெயர் எழுதியிருத்தல் வேண்டும்; ஒருவர் பாலை மற்றொருவர் குழந்தைக்குக் கொடுத்தல் தகாது. பரிசோதித்து, 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி அளிப்பது மருத்துவமனைகளின் தாய்ப்பால் வங்கிகள் செய்யும் பணி. இந்தியாவில் அத்தகைய முதல் வங்கி 1989ஆம் ஆண்டில் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது.

அடுத்த மகாசபைக் கூட்டத்தில் நம் சகோதரிகள் இக்கோரிக்கையை முன்வைப்பார்களாக. அங்கத்தினர் அனைவரும் அதனை ஆதரிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.