சுவரில் நடக்கும் விதை! டின் பக்கம் கறுப்பு மணி! இரவில் உங்கள் வீட்டுக்கு வந்து போவது யார்?

விடியற்காலை. குழாயில் தண்ணீர் வரும் நேரம். குடத்தை எடுக்க எழுந்த வீட்டுக்காரி விளக்கைப் போடுகிறார். அரிசி டின்னுக்குப் பக்கத்தில் கறுப்பாக நாலைந்து மணிகள்.

"என்னங்க, இது என்னன்னு பாருங்க."

"பல்லியாயிருக்கும். பெருக்கித் தள்ளு."

பெருக்கித் தள்ளியாகிவிட்டது. வந்தது யார் என்ற தடயமும் குப்பையோடு போய்விட்டது.

தாராவியில் ஓர் அறை வீடானாலும் சரி, மாட்டுங்காவில் பழைய மாடிக் கட்டடமானாலும் சரி, செம்பூரில் காலனி வீடானாலும் சரி, இந்தக் காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாம் தூங்கும்போது வேறு சிலர் விழித்திருக்கிறார்கள். வந்து போனதற்கு ஓர் அடையாளத்தையும் விட்டுச் செல்கிறார்கள். அந்த அடையாளத்தைப் படிக்கத் தெரிந்தால் வீண் பயமும் இல்லை, வீண் செலவும் இல்லை. எதற்கு உண்மையாகவே பயப்பட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நடக்கும் விதை

முதலில் பயம் இல்லாத ஒன்றைப் பார்ப்போம். மழைக்காலத்தில் சுவரில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருக்கும். பார்த்தால் பூசணி விதை போல இருக்கும். நடுவில் அகலம், இரண்டு முனையும் ஒடுக்கம். சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் விதை இடம் மாறியிருக்கும்!

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. உள்ளே இருப்பது அந்துப்பூச்சி இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு புழு. தூசியையும் மணலையும் தன் வாயில் சுரக்கும் நூலால் ஒட்டி இந்த உறையைக் கட்டிக்கொள்கிறது. போகும் இடமெல்லாம் வீட்டையும் இழுத்துக்கொண்டே போகிறது. பழைய ஒட்டடையும் உதிர்ந்த முடியும் கம்பளி நூலும்தான் அதன் சாப்பாடு. மனிதரைக் கடிக்காது. அது சொல்லும் செய்தி ஒன்றே ஒன்று: "ஒட்டடை அடித்து நாளாயிற்று!"

மிளகுத் தூளா, வெள்ளை நுனியா?

அலமாரி மூலையில் மிளகுத் தூள் சிந்தியது போலக் கிடந்தால் அது சின்னக் கரப்பானின் எச்சம். பெட்டிக்குப் பின்னால் உளுந்து அளவில், கரும்பழுப்பாக, பர்ஸ் போன்ற உறை ஒட்டியிருந்தால் அது பெரிய கரப்பானின் முட்டைப்பை. அதற்குள் பதினைந்து முட்டைகள் வரை இருக்கும். ஒரு பையை நசுக்கினால் ஒரு பட்டாளமே ஒழிந்தது.

பல்லியின் எச்சத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். கறுப்பு மணியின் ஒரு நுனியில் சுண்ணாம்பு தொட்டது போல வெள்ளை இருக்கும். வெள்ளை இல்லையென்றால் பல்லியின் மேல் பழி போடாதீர்கள். பாவம், அது கொசுவையும் பூச்சியையும் தின்று நமக்கு உதவி செய்கிற பிராணி. பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனால் அதன் வயிற்றில் நோய்க் கிருமி இருக்கலாம். அதனால் பல்லி விழுந்த சாப்பாட்டைக் கொட்டிவிடுவதே நல்லது.

மைப்புள்ளியும் மரத்தூளும்

நாலு பேர் சேர்ந்து தங்கும் அறைகளில் இன்னொரு அடையாளம் உண்டு. மெத்தையின் தையல் ஓரத்தில் பேனா மை தெறித்தது போலக் கறுப்புப் புள்ளிகள். ஈரத்துணியால் துடைத்தால் மை போலவே பரவும். மூட்டைப்பூச்சியின் வேலை அது. தூக்கத்தைக் கெடுக்கும், உடம்பைத் தடிக்க வைக்கும். ஆனால் அது மனிதருக்கு நோயைப் பரப்புவதாக நிரூபிக்கப்படவில்லை. துணியைக் கொதிக்கும் நீரில் போடுங்கள். கட்டில் இடுக்கிலும் கொதிநீர் ஊற்றுங்கள். ஓர் ஆள் மட்டும் செய்தால் போதாது. அறையில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் செய்ய வேண்டும்.

கட்டில் காலடியில் மாவு போல மரத்தூள் கொட்டியிருந்தால் மரம் உளுக்கிறது. கசகசா போல ஒரே அளவு மணிகளாக இருந்தால் அது மரத்துக்குள்ளேயே வாழும் ஒருவகைக் கரையான். சுவரில் விரல் அகலத்துக்கு மண்கோடு ஏறியிருந்தால் அது தரையிலிருந்து வரும் கரையானின் பாதை. அதை ஓரிடத்தில் உடைத்து வையுங்கள். மறுநாள் பூசி மூடியிருந்தால் உள்ளே கரையான் நடமாட்டம் இருக்கிறது. பள்ளிச் சர்ட்டிபிகேட்டும் ரேஷன் கார்டும் உள்ள பெட்டியை உடனே சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கரையான் தின்ற காகிதத்துக்கு நகல் வாங்க எத்தனை ஆபீஸ் ஏற வேண்டும் என்பது குமாஸ்தாக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எலி போடும் கோலம்

இனி, பயப்பட வேண்டிய அடையாளம். அரிசி டின் பக்கம் கிடந்த அந்த மணிகள்!

அரிசியை விடச் சிறிதாக, முனை கூராக இருந்தால் சுண்டெலி. அரை அங்குல நீளம் இருந்தால் வீட்டெலி. அதையும் விடப் பெரிதாக இருந்தால் சாக்கடை வழியே வரும் பெருச்சாளி. பளபளப்பாக, மெதுவாக இருந்தால் நேற்று இரவு வந்தது. காய்ந்து பொடிந்தால் பழையது.

சந்தேகம் இருந்தால் ஒரு வழி உண்டு. படுக்கப் போகுமுன் சுவர் ஓரமாகக் கோலமாவை மெல்லியதாகத் தூவுங்கள். விடிந்ததும் கோலம் போட்டது யார் என்று தெரியும். எலி என்றால் முன்காலில் நாலு விரல், பின்காலில் ஐந்து விரல், நடுவில் வால் இழுத்த கோடு. அந்தத் தடம் போய் முடியும் இடம்தான் எலி நுழையும் வழி.

படிக்காமல் விட்ட அடையாளம்

"எலிதானே, இதற்குப் போய் இவ்வளவா?" என்று கேட்கலாம். இந்த நகரத்தின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

1896 செப்டம்பர். அன்றைய பம்பாயில் துறைமுகத்தை ஒட்டிய மாண்டவி. தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதி. அங்கே கடும் காய்ச்சல், நெறிகட்டு என்று நோயாளிகள் வந்தார்கள். அது பிளேக் என்று கண்டு சொன்னவர் அக்காசியோ கேப்ரியல் வியேகாஸ் என்ற கோவா டாக்டர். கிடங்குகளில் எலிகள் செத்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதன் பொருளைப் படித்தவர்கள்தான் அதிகம் இல்லை.

அசுத்தமும் கெட்ட காற்றுமே காரணம் என்று நினைத்தது வெள்ளைக்கார சர்க்கார். சாக்கடைகளைக் கழுவினார்கள். வீடுகளில் கார்பாலிக் மருந்து அடித்தார்கள். நோய் நிற்கவில்லை. மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டு ஓடினார்கள்.

1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் உண்மையைக் கண்டார். எலி செத்ததும் அதன் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சிகள் வேறு உடம்பைத் தேடிப் போகின்றன. மனிதரைக் கடிக்கின்றன. கிருமியும் கூடவே வருகிறது. பலர் அவரை நம்பவில்லை. 1905க்குப் பிறகு பம்பாயில் நடந்த சோதனைகள்தான் அதை உறுதி செய்தன. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் அழிந்துவிட்டன.

நெரிசலைக் குறைப்பதற்காக 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அந்த டிரஸ்ட்தான் வடக்கே தாதர், மாட்டுங்கா பகுதியில் அகலமான தெருக்களோடு புதிய குடியிருப்பை வகுத்தது. பிற்காலத்தில் நம் ஊர்ப் பக்கமிருந்து வந்த குமாஸ்தாக்கள் குடியேறியது அங்கேதான். நாம் காய்கறி வாங்கவும் கோயிலுக்கும் நடக்கும் மாட்டுங்கா தெருக்களுக்குப் பின்னால் ஓர் எலியின் கதை இருக்கிறது!

கால் வெடிப்பில் நுழையும் நோய்

இன்று அந்தப் பிளேக் பயம் இல்லை. ஆனால் எலி இருக்கிறது. எலிக்காய்ச்சலும் இருக்கிறது. எலியின் சிறுநீர் மழைத் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீரில் நடக்கும்போது கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியாகக் கிருமி உடம்பில் நுழைகிறது.

2005 ஜூலை 26ஆம் தேதியை மும்பைத் தமிழர்கள் மறக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. இடுப்பளவுத் தண்ணீரில் வீடு திரும்பியவர்கள் ஏராளம். வெள்ளம் வடிந்த பிறகு நகரத்தில் எலிக்காய்ச்சல் பரவியது. தண்ணீரில் தப்பித்துக் காய்ச்சலில் போனவர்களும் உண்டு.

ஆகவே மழைத் தண்ணீரில் நடந்து வந்தால் சோப்புப் போட்டுக் காலைக் கழுவுங்கள். காலில் புண் இருந்து தேங்கிய தண்ணீரில் நடந்திருந்தால், காய்ச்சல் வரும்வரை காத்திருக்காமல் மறுநாளே டாக்டரைப் பாருங்கள். தடுப்பு மாத்திரை உண்டு. அதை டாக்டர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை என்று கண்டால் ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

எலி எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, ஊற வைத்துத் துணியால் வழித்தெடுங்கள். செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள்.

பென்சில் நுழையும் ஓட்டை சுண்டெலிக்குப் போதும். கண்ணாடித் தூள் கலந்த சிமெண்டால் அடையுங்கள். மோரியின் தண்ணீர்க் குழாய்க்கு இரும்பு வலை போடுங்கள். அரிசி, மாவை மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள்.

குழந்தைகள் உள்ள ஓர் அறை வீட்டில் எலிப்பசை வேண்டவே வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை கல்லீரலை அழித்துவிடும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. எலிப்பொறியே போதும்.

ஒரு வீடு மட்டும் அடைத்துப் பயனில்லை. உங்கள் சுவர்தான் பக்கத்து வீட்டுக்கும் சுவர். வரிசை முழுவதும் சேர்ந்து குப்பையை அகற்றினால்தான் எலி போகும். மும்பை மாநகராட்சியில் இரவில் எலி பிடிப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. நாலு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு வார்டு ஆபீஸில் மனுக் கொடுங்கள்.

நாளை விடியற்காலை அரிசி டின் பக்கம் கறுப்பு மணி கிடந்தால், துடைப்பத்தை எடுக்குமுன் ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். நுனியில் வெள்ளை இருக்கிறதா, இல்லையா?

1896இல் மாண்டவியில் அப்படிக் குனிந்து பார்த்தவர்கள் அதிகம் இல்லை. நம் வீட்டில் நாம் இருக்கிறோம்.