சந்தைப்படுத்தலில் சான்று

சந்தைப்படுத்தல் என்பது நுகர்வோரின் தேவையை அறிந்து, அதற்கேற்ற பொருளை உருவாக்கி, விலையிட்டு, விளம்பரப்படுத்தி, அவர்களிடம் கொண்டுசேர்க்கும் செயல்முறை ஆகும். இதில் ஊகத்தைவிடச் சான்றே நம்பத்தக்கது. எனினும் அச்சான்று எந்தக் கேள்விக்கு விடையளிக்கிறது என்பதையும் ஆராய வேண்டும்.

எடுத்துக்காட்டாக, கோகோ கோலா நிறுவனம் ஏறத்தாழ 2 இலட்சம் சுவைச் சோதனைகளை நடத்தியது. பெரும்பாலோர் இனிப்பு மிகுந்த புதிய கலவையையே விரும்பினர். இதனை நம்பி, 1985 ஏப்ரல் 23 அன்று அமெரிக்காவில் புதிய பானத்தை அறிமுகப்படுத்திப் பழையதை நிறுத்தியது. மக்களிடம் கடும் எதிர்ப்பு எழுந்தது. 79 நாட்களில் பழைய பானம் மீண்டும் விற்பனைக்கு வரும் என அறிவிக்கப்பட்டது.

சோதனையின் முடிவு பொய்யன்று. ஆனால் அது சுவையை மட்டுமே அளந்தது. பழைய பானத்தின் மீது மக்களுக்கிருந்த பற்றை அளக்கவில்லை.