இறந்தவர் பேசினார்!

2024-ம் ஆண்டு ஜனவரி மாதம். தி.மு.க. தலைவர்களில் ஒருவரான டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டு விழா. மேடைத் திரையில் ஒருவர் தோன்றினார். கறுப்புக் கண்ணாடி. மஞ்சள் துண்டு. கரகரத்த குரல்.

அவர், கலைஞர் கருணாநிதி!

கலைஞர் 2018-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதியே காலமாகிவிட்டார். பிறகு பேசியது யார்?

கம்ப்யூட்டர்! ஒருவருடைய பழைய படங்களையும் பேச்சுகளையும் அதற்குக் கொடுக்கிறார்கள். அது கற்றுக்கொள்கிறது. பிறகு, அவர் பேசாததையும் அவர் குரலிலேயே பேசுகிறது. இதற்குப் பெயர் செயற்கை நுண்ணறிவு.

அடுத்த மாதம் 24-ந் தேதி, ஜெயலலிதா பிறந்த நாள். அன்று அ.தி.மு.க. அவருடைய குரலை இதே முறையில் வெளியிட்டது.

இவை ஒளித்துச் செய்தவை அல்ல. ஒளித்துச் செய்தால்?

போலிக் குரல்

அதே ஜனவரியில் அமெரிக்காவிலே நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஆயிரக்கணக்கான வீடுகளில் டெலிபோன் மணி அடித்தது. ஜனாதிபதி பைடனின் குரல்! "இந்தத் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டாம்" என்ற பொருளில் பேசியது. அது போலிக் குரல். அதை ஏற்பாடு செய்த அரசியல் ஆலோசகருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள்.

தஞ்சைக்கு வருவோம். குறுவைக்கு நாற்று விடும் நேரம். "இந்த ஆண்டு மேட்டூர் அணை திறக்கப்படாது" என்று ஒரு மந்திரியின் போலிக் குரல் செல்போனில் வருவதாக வைத்துக்கொள்வோம். நம்பியவர் நாற்று விடமாட்டார். வாய்க்காலில் தண்ணீர் ஓடும். வயல் தரிசாகக் கிடக்கும்!

"தம்பி, இது நிஜமா?" என்று அப்பா யாரைக் கேட்பார்? கல்லூரியில் படிக்கும் மகனைத்தான். அவனுக்குத் தெரிய வேண்டாமா?

படித்தவரும் ஏமாந்தனர்

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை நடத்தி, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். சரித்திர அறிஞர்கள் 10 பேர். செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேர். மாணவர்கள் 25 பேர். இணையத்தில் வந்த சில செய்திகளை எடைபோடச் சொன்னார்கள்.

அறிஞர்களிலும் மாணவர்களிலும் பலர் ஏமாந்தார்கள்! பக்கத்தின் அழகையும் சின்னத்தையும் பார்த்து நம்பிவிட்டார்கள். சரிபார்ப்பவர்களோ அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கவில்லை. வெளியே போய், "இவர்கள் யார்? மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று தேடினார்கள். உண்மை விரைவில் தெரிந்தது.

இது நம் விவசாயிக்குத் தெரிந்த வித்தைதான். விதை நெல்லைக் கண்ணால் பார்த்தால் பதரும் மணியும் ஒன்று போல இருக்கும். உப்புத் தண்ணீரில் கொட்டினால் பதர் மிதக்கும். மணி அடியில் தங்கும்.

செய்திக்கும் அப்படி மூன்று கேள்விகள்:

முதலில் வெளியிட்டவர் யார்?

எப்போது, எங்கே பேசியது?

வேறு பத்திரிகைகளிலும் வந்திருக்கிறதா?

கல்லூரிகளில் இதைப் பாடமாகவே சொல்லித்தர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எல்லாமே பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. தள்ளினால், உண்மையாகவே மாட்டிக்கொண்டவர் "அது என் குரல் அல்ல" என்று தப்பிவிடுவார்!

பதருக்குப் பயந்து விதை நெல்லையே கொட்டிவிடுவார் உண்டா?