ஸ்டிரிங்கர் லாரன்ஸ்

ஸ்டிரிங்கர் லாரன்ஸ் (1697 – ஜனவரி 10, 1775) பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்குத் தலைமை வகித்த ஆங்கிலேயப் படைத்துறை அதிகாரி ஆவார். இவர் "இந்தியப் படையின் தந்தை" எனவும் அழைக்கப்படுகிறார்.

இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டில் பிறந்த லாரன்ஸ், 1727 இல் இராணுவத்தில் சேர்ந்தார். 1748 இல், ஐம்பது வயதளவில், கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டைக்கு வந்து, அங்கிருந்த ஒழுங்கற்ற காவற்படையினருக்கு முறையான பயிற்சி அளித்தார். அவ்வாண்டில் டூப்ளே அனுப்பிய பிரெஞ்சுப் படை கடலூரை நெருங்கியபோது, நகரைக் கைவிடுவது போல் பீரங்கிகளையும் வீரர்களையும் பகலில் வெளிப்படையாகக் கோட்டைக்கு மாற்றினார். இரவானதும் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார். நள்ளிரவில் ஏணிகளுடன் மதிலை அணுகிய பிரெஞ்சுக்காரர் கடும் சூட்டுக்கு ஆளாகிச் சிதறி ஓடினர். எனினும் சில வாரங்களிலேயே அரியாங்குப்பத்தில் லாரன்ஸ் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார். அமைதி உடன்பாட்டின் பின்னரே விடுதலையானார்.

1749 இல் தேவிக்கோட்டையைக் கைப்பற்றியபோது இளம் ராபர்ட் கிளைவ் இவரின் கீழ்ப் போரிட்டார். ஊதியப் பிணக்கால் 1750 இல் தாயகம் திரும்பியதால், கிளைவுக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்த ஆற்காட்டு முற்றுகையின்போது (1751) இவர் இந்தியாவில் இல்லை. 1752 இல் மீண்டு வந்து திருச்சிராப்பள்ளியை மீட்கும் படையை நடத்தினார். திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. அதே ஆண்டில் பாகூரிலும் வென்றார். 1758–59 இல் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது புனித ஜார்ஜ் கோட்டையைக் காத்தவரும் இவரே.

பள்ளிப் பாடநூல்கள் கிளைவையே முன்னிறுத்துகின்றன. ஆனால் கம்பெனி தமக்கு வாள் பரிசளிக்க முன்வந்தபோது, லாரன்சுக்கும் அளித்தாலன்றி ஏற்கமாட்டேன் என்றவர் கிளைவ். பின்னாளில் இவருக்கு ஆண்டுக்கு 500 பவுண்டு உதவித்தொகையும் வழங்கினார்.

1766 இல் ஓய்வு பெற்ற லாரன்ஸ் இலண்டனில் காலமானார். சென்னை ஆளுநராக இருந்த நண்பர் ராபர்ட் பால்க், இவர் நினைவாக 1788 இல் டெவன் மாவட்டத்தின் ஹால்டன் குன்றில் எழுப்பிய கோபுரம் இன்றும் உள்ளது.