பதினைந்து வெள்ளி டேப்பா, எழுபது வெள்ளி டேப்பா?

"அண்ணே, டேப் ஒடஞ்சிருச்சு."

இந்த மூன்று சொற்களைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. எஸ்.பி.எம். எழுதிவிட்டு, முடிவு வரும்வரை கிள்ளானில் ஒரு சிறிய இயந்திரப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம். முதலாளியை எல்லாரும் அண்ணன் என்றே கூப்பிடுவார்கள். அவர் வந்து குனிந்து பார்த்தார்.

வேலை இதுதான். துருப்பிடிக்காத எஃகில் 304 ரகத் தட்டுகள் 200. ஒவ்வொன்றிலும் எம்8 அளவில் நான்கு மரைத்துளைகள். ஆக 800 துளைகள். துளைக்குள் மரை வெட்டும் கருவியைத்தான் பட்டறையில் டேப் என்கிறோம். பார்ப்பதற்குத் திருகாணி போலிருக்கும், பக்கவாட்டில் காடிகள் ஓடும். என் டேப்பின் பாதி துளைக்குள்ளேயே நின்றுவிட்டது. டேப், தட்டைவிடக் கடினமான எஃகு. சாதாரண டிரில்லை வைத்து அதை எடுக்க முடியாது. மின்பொறியால் அரித்தெடுக்கும் இயந்திரம் உள்ள பட்டறைக்கு அனுப்பலாம். அல்லது தட்டையே கழிவுத் தொட்டியில் போடலாம். அண்ணன் தொட்டியில் போட்டார். திட்டவில்லை. பழைய விலைப்பட்டியல் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி, "தம்பி, எழுது" என்றார்.

மலிவான டேப் ஒன்று 15 வெள்ளி. நல்ல டேப் 70 வெள்ளி. (இன்றைய விலை வேறாக இருக்கும், கணக்கு மாறாது.) மலிவானது 50 துளை தாங்கும் என்று வைத்துக்கொண்டால் 800 துளைக்கு 16 டேப், 240 வெள்ளி. நல்லது 250 துளை தாங்கினால் நான்கு டேப், 280 வெள்ளி. மலிவானதே லாபம் என்று நான் சொன்னேன். "இப்ப ஒடஞ்சதைச் சேர்" என்றார். அந்த 16-இல் நான்கு மட்டும் துளைக்குள் உடைகின்றன என்று கொள்வோம். ஒரு தட்டுக்குப் பொருளும் அதுவரை செய்த வேலையும் சேர்த்து 60 வெள்ளி. உடைந்ததை அகற்றி, புது டேப் மாட்டி, மறுபடி தொடங்க அரை மணி நேரம். இயந்திரத்தின் ஒரு மணி நேரம் 60 வெள்ளி என்றால் அது 30. நான்கு முறை 90, அதாவது 360 வெள்ளி. மலிவான வழியின் மொத்தச் செலவு 600 வெள்ளி ஆகிவிட்டது.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. எங்கள் துளைகள் தட்டின் மறுபுறம் வரை போகாதவை. அப்படிப்பட்ட துளையில் வெட்டிய உலோகச் சுருள் வெளியேற வழியில்லை. அடியில் திணிந்து டேப்பை இறுக்கி முறித்துவிடும். சுருள்வாட்டில் காடி வெட்டிய டேப், அந்தச் சுருளை மேலே இழுத்து வெளியே தள்ளும். மறுபுறம் திறந்திருக்கும் துளைக்கு வேறு வகை: அது சுருளை முன்னால் தள்ளிக் கீழே விழவைக்கும். நான் எடுத்திருந்ததோ நேர்க்காடி கொண்ட கைடேப். டிரில்லையும் அண்ணன் மாற்றினார். எம்8 மரைக்கு வழக்கமான டிரில் 6.8 மி.மீ. அவர் 6.9 எடுத்தார். மரையின் ஆழம் ஒரு துளி குறையும், பிடிப்பில் பெரிய குறை வராது. ஆனால் டேப்புக்கு விழும் பாரம் நன்றாகக் குறைந்துவிடும்.

கருவியைத் தேர்ந்தாயிற்று. எவ்வளவு வேகத்தில் சுற்றுவது? இங்கேதான் படிவம் இரண்டு கணிதத்தில் நாம் மனப்பாடம் செய்த வட்டத்தின் சுற்றளவு வேலைக்கு வருகிறது. கருவியின் விளிம்பு உலோகத்தின்மீது நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஓடலாம் என்பதற்கு ஒவ்வொரு உலோகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த மீட்டரை 1000-ஆல் பெருக்கி மில்லிமீட்டர் ஆக்கி, கருவியின் சுற்றளவால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். 10 மி.மீ. கார்பைட் எண்ட்மில், எஸ்45சி எஃகு, வேகம் 100 மீட்டர் என்றால் 100,000-ஐ 31.4-ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 3,180 சுற்று. எண்ட்மில்லுக்கு நான்கு பற்கள், ஒவ்வொரு பல்லும் 0.05 மி.மீ. கடிக்கிறது என்றால் மேசை நிமிடத்துக்கு 636 மி.மீ. நகர வேண்டும். அதே வேலைக்குக் கார்பைட் இல்லாமல் ஹைஸ்பீட் ஸ்டீல் கருவி என்றால் வேகம் 25 மீட்டர். சுற்று 800-க்கு இறங்கிவிடும். விலை கூடிய கார்பைட்டை ஏன் வாங்குகிறார்கள் என்பதற்கு இந்த இரண்டு எண்களே விடை.

புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு, நானும் செய்தேன். பயத்தில் நகர்வைக் குறைப்பது. மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று மனம் சொல்லும். 304 ரக எஃகில் அது நேர்மாறு. கருவி வெட்டாமல் தேய்த்துக்கொண்டு நின்றால் அந்த உலோகத்தின் மேற்பரப்பு இறுகிக் கடினமாகும். அடுத்த பல் வந்து மோதுவது முன்பைவிடக் கடினமான பரப்பில். சுற்றைக் குறைக்கலாம், கடியைக் குறைக்கக் கூடாது. வெட்டும் இடத்தில் எண்ணெயோ குளிர்விக்கும் திரவமோ தாராளமாகப் பாய வேண்டும்.

"டர்னர்", "பிட்டர்" என்ற சொற்கள் நம் சமூகத்துக்குப் புதியவை அல்ல. கோலாலம்பூரையும் கிள்ளான் அருகேயுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்து 1886-இல் ரயில் பாதை திறக்கப்பட்டது. செங்கல் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், ரயில்வேத் தொழிலாளர்களின் ஊராக மாறியது. 1915-இல் கட்டப்பட்டு, பின்னாளில் இடிக்கப்பட்ட "ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்" வரிசை வீடுகளைப் பலருக்கு இன்றும் நினைவிருக்கும். செந்தூலில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ரயில்வே மத்தியப் பட்டறையில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தனர். அவர்களில் தமிழர்கள் ஏராளம். நீராவி எஞ்சினின் தேய்ந்த அச்சையும் சக்கரத்தையும் கடைந்து சரிசெய்த இடம் அது. இரண்டாம் உலகப் போரில், 1945-இல் பி-29 விமானங்கள் அதைக் குறிவைத்துக் குண்டு போட்டன என்பதிலிருந்தே அந்தப் பட்டறையின் முக்கியத்துவம் புரியும். பழுதுபார்க்கும் வேலை பின்னர் பத்து காஜாவுக்குப் போய்விட்டது. பழைய கட்டடங்களில் ஒன்றுதான் 2005 முதல் கோலாலம்பூர் நிகழ்கலை மையமாக இயங்குகிறது. அங்கே நாடகம் பார்க்கப் போகிறவர்கள் ஒருமுறை கூரையின் இரும்புச் சட்டங்களையும் அண்ணாந்து பாருங்கள்.

அந்தக் கால டர்னர் கைப்பிடியைச் சுற்றி அளவை உணர்ந்தார். கைப்பிடியைச் சுற்றும் வேலையை எண்களிடம் ஒப்படைப்பதே சி.என்.சி. ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கான வளைவுகளைச் சரியாக வெட்டும் முயற்சியில் ஜான் பார்சன்ஸ் என்ற அமெரிக்கருக்கு இந்த யோசனை பிறந்தது. துளையிட்ட நாடாவைப் படித்து இயங்கும் மில்லிங் இயந்திரத்தை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952-இல் செய்து காட்டியது. நாடா போய்விட்டது, ஜி01, எம்03 என்று வரும் கட்டளை மொழி இன்றும் இருக்கிறது. இன்று கோயம்புத்தூரிலேயே எல்.எம்.டபிள்யூ. நிறுவனம் சி.என்.சி. இயந்திரங்களைத் தயாரிக்கிறது.

இயந்திரம் தானாக வெட்டும் என்றால் மனிதன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, என்னுடைய இரண்டாவது விபத்தைச் சொல்கிறேன். உடைந்த டிரில்லுக்குப் பதிலாகச் சற்று நீளமான டிரில்லை மாட்டினேன். புதிய நீளத்தை அளந்து இயந்திரத்தில் பதிய மறந்துவிட்டேன். இயந்திரம் பழைய நீளத்தையே நம்பி, முழு வேகத்தில் இறங்கி, தட்டைப் பிடித்திருந்த வைஸில் முட்டியது. டிரில் போயிற்று, வைஸில் ஒரு பள்ளம் விழுந்தது. ஸ்பிண்டில் தப்பித்தது என் அதிர்ஷ்டம். அது போயிருந்தால் என் மூன்று மாதச் சம்பளமும் போதாது. இன்னொன்று: பல ஃபேனக் கட்டுப்பாடுகளில் எக்ஸ்50 என்று புள்ளி வைக்காமல் எழுதினால் இயந்திரம் அதை 50 மில்லிமீட்டர் என்று படிக்காது, 50 மைக்ரான், அதாவது 0.05 மி.மீ. என்றே படிக்கும். ஒரு புள்ளிக்கு ஆயிரம் மடங்கு.

இனி, பெரிய செலவுக்கு வருவோம். அந்த ஆண்டு அண்ணன் இரண்டாவது இயந்திரம் வாங்க நினைத்தார். புதியதா, பழையதா என்பது மட்டுமல்ல, வேண்டுமா என்பதே முதல் கேள்வி. செம்பனை ஆலையிலிருந்து தேய்ந்த ஓர் அச்சு வருகிறது, மாலைக்குள் வேண்டும் என்றால், நிரல் எழுதி நேரம் போக்குவதைவிடச் சாதாரண லேத்தில் கடைந்து கொடுப்பதே விரைவு. ஒரே பொருள் இருநூறு, ஐந்நூறு என்று திரும்பத் திரும்ப வரும்போதுதான் சி.என்.சி. சம்பாதிக்கிறது. மேரு, காப்பார் பக்கக் கையுறைத் தொழிற்சாலைகளுக்கான உதிரிப் பாகங்கள் அப்படிப்பட்டவை.

ஒரு கணக்குக்காகப் புதிய இயந்திரம் 250,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டில், வட்டி இல்லாமலேயே மாதம் ஏறத்தாழ 4,170. மாதம் 200 மணி நேரம் அது வெட்டினால் மணிக்கு 21 வெள்ளிதான். வேலை இல்லாமல் 80 மணி நேரம் மட்டும் ஓடினால் மணிக்கு 52. அதே 80 மணி நேரத்துக்கு, 90,000 வெள்ளிக்கு வாங்கிய பழைய இயந்திரம் என்றால் மணிக்கு 19 வெள்ளிக்கும் குறைவு. ஆனால் பழையது ஒரு வாரம் படுத்துவிட்டால், உதிரிப் பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தால், அந்த மிச்சமெல்லாம் வாடிக்கையாளரோடு சேர்ந்து போய்விடும். இரண்டிலும் டூல் ஹோல்டர், வைஸ், மைக்ரோமீட்டர், காற்றழுத்தி எல்லாம் தனிச் செலவு. முதல்முறை வாங்குகிறவர்கள் மறப்பது இதைத்தான்.

பழைய ஜப்பானிய இயந்திரம் ஒன்றைப் பார்க்க அண்ணன் பலாக்கோங்குக்குப் போனார், என்னையும் கூட்டிப்போனார். ஒரு மைலோ டின்னில் டயல் கேஜைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். விற்பவர் பளபளவென்று பெயின்ட் அடித்து வைத்திருந்தார். அண்ணன் பெயின்டைப் பார்க்கவில்லை. ஸ்பிண்டிலில் சோதனைத் தண்டை மாட்டி, டயல் கேஜின் முனையை அதில் வைத்து, கையால் மெல்லச் சுற்றினார். முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தார். பிறகு மேசையை 0.01 மி.மீ. வீதம் ஒரு பக்கம் நகர்த்தி, அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பினார். திரும்பும்போது எண் மாறியும் முள் அசையாமல் நின்றால், நகர்த்தும் திருகில் தளர்வு விழுந்துவிட்டது என்று பொருள். மசகெண்ணெய்த் தொட்டியைத் திறந்தார். கட்டுப்பாட்டுப் பெட்டியின் நினைவகப் பேட்டரியைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டார். பழைய இயந்திரங்களில் அது தீர்ந்தால் உள்ளே பதிந்த அளவுகோல் எண்கள் அழிந்துவிடும், இயந்திரம் வெறும் இரும்பாகிவிடும்.

அந்த இயந்திரத்தை அவர் வாங்கவில்லை. முள் அதிகமாக ஆடியது.

இந்த வேலைக்கு வர விரும்புகிறவர்களுக்கு வழி கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. கோலாலம்பூர் தொழிற்பயிற்சிக் கழகம், ஷா ஆலம் அட்டெக், 1991-இல் அமைக்கப்பட்ட ஜெர்மன்–மலேசியா கழகம், ஷா ஆலம் பாலிடெக்னிக் ஆகியவை பலருக்குத் தெரிந்த பெயர்கள். எஸ்.கே.எம். சான்றிதழில் ஒன்று முதல் மூன்று நிலைகள், நான்கு டிப்ளோமா, ஐந்து உயர் டிப்ளோமா. திறன் பயிற்சிக்குக் கடனுதவி வழங்க பி.டி.பி.கே. என்ற தனி நிதிக் கழகம் உண்டு. ஒன்று மட்டும் சொல்வேன். பச்சைப் பொத்தானை அழுத்திப் பொருளை மாற்றிவைக்கும் வேலையோடு நின்றுவிடாதீர்கள். அதற்குக் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை ஒட்டியே கிடைக்கும். அந்த வேலைக்கு ஆளும் எளிதில் கிடைப்பார்கள். எந்த டேப், எந்த வேகம், எப்படிப் பிடிப்பது என்று முடிவு செய்பவரைத்தான் பட்டறைகள் தேடுகின்றன. பயிற்சி நிலையத்தைப் பார்க்கப் போகும்போது, மாணவர் ஒருவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இயந்திரத்தைத் தானே அமைக்கிறார் என்று கேளுங்கள். திரையில் பார்ப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நான் வேலையை விட்டுக் கல்லூரிக்குப் போன பிறகு, அண்ணன் வேறொரு ஜப்பானிய இயந்திரத்தை வாங்கினார். முள் ஆடவில்லை, தளர்வும் இல்லை. ஆனால் ஜப்பானில் தொழிற்சாலை மின்சாரம் 200 வோல்ட் த்ரீ ஃபேஸ். நம் நாட்டில் 400. இடையில் ஒரு மின்மாற்றி வேண்டும். அது வந்து சேரும்வரை இரண்டு வாரம், புது இயந்திரம் கித்தான் போர்த்தியபடி பட்டறை வாசலிலேயே நின்றிருந்தது.